பின் உள்ள போகுதேன்னு அடாப்டர மாட்டிடாதீங்க

சேலம் செவ்வாய்பேட்டைல எங்க சித்தப்பா கொலுசு பட்டறை வெச்சிருக்காரு. அங்க எடை மெஷினோட அடாப்டர் ஒரு நாள் செத்துப்போச்சு. வேலை நிக்கக்கூடாதுன்னு பட்டறைல இருந்த பையன் மூலைல கெடந்த ஒரு பழைய மானிட்டர் அடாப்டர எடுத்து சொருகிட்டான், பின் உள்ள போச்சு, கொஞ்சம் லூசா இருந்துச்சு, ஆனா டிஸ்ப்ளேல நம்பர் வந்துச்சு, சரிதான்னு விட்டுட்டான். ரெண்டு நிமிஷம் கூட ஆகல, பொசுங்கின வாடை வந்து மெஷின் மொத்தமா அணைஞ்சு போச்சு. மெஷின் கேட்டது 9 வோல்ட், அவன் குடுத்தது 19 வோல்ட். வெள்ளி எடை போடற மெஷின், கிராம்ல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும், புதுசு வாங்குறது சின்ன செலவு இல்ல. பையன் அழுகாத குறை. அவன திட்டி என்ன பண்றது, அடாப்டர் எப்படி பாத்து மாட்டணும்னு அவனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல.

நான் சேலம் டவுன்லயும் ஏற்காடு மேலயும் கேமரா மாட்டுறது, நெட் லைன் இழுக்குறதுன்னு வேலை பாக்கறேன், அதனால தினமும் அஞ்சாறு அடாப்டராவது கைல புரளும். இத எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு தடவ எழுதி வெச்சிடணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். இத சார்ஜர்னு சொல்லுவாங்க, பழைய ரேடியோ கடைக்காரங்க இன்னும் எலிமினேட்டர்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணுதான், செவுத்துல வர்ற 230 வோல்ட்ட சின்ன வோல்ட்டா மாத்திக் குடுக்குற டப்பா. செட்டாப் பாக்ஸ், ரூட்டர், கேமரா, எடை மெஷின், பிபி மெஷின், கீபோர்டு, ஆர்ஓ தண்ணி மெஷின், எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கு.

மொதல்ல செத்துப்போன அடாப்டர தூக்கிப் போட்டுடாதீங்க. அதுதான் உங்களுக்கு மருந்து சீட்டு மாதிரி. அதுல பொடி எழுத்துல ரெண்டு வரி இருக்கும். ஒண்ணு இன்புட், 100-240 வோல்ட் 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும், அது செவுத்துல இருந்து உள்ள போறது, நம்ம ஊர் கரன்ட்டு அதுக்குள்ள அடங்கிடும், அதப் பாத்து குழப்பிக்க வேண்டாம். நமக்கு வேண்டியது அடுத்த வரி, அவுட்புட். அதுல 12 வோல்ட் 1 ஆம்ப்னோ 9 வோல்ட் 600 மில்லி ஆம்ப்னோ இருக்கும். எழுத்து அழிஞ்சிருந்தா மெஷினோட அடில, பின் சொருகுற ஓட்டைக்கு பக்கத்துலயும் அதே கணக்கு பொறிச்சிருப்பாங்க, போன்ல டார்ச் அடிச்சு ஒரு போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, கண்ணுக்கு தெரியாதது போட்டோல தெரியும். ஏற்காட்டுல பனி ஈரத்துக்கு ஸ்டிக்கரே உரிஞ்சு வந்திருக்கும், அப்ப எனக்கு மெஷின் அடி பாக்கறது ஒண்ணுதான் வழி. பேட்டரிலயும் ஓடுற பொருளா இருந்தா இன்னொரு வழி இருக்கு, உள்ள எத்தன செல் போடணும்னு எண்ணுங்க, ஒரு செல்லுக்கு ஒன்றரை வோல்ட், நாலு செல்னா 6 வோல்ட், ஆறு செல்னா 9 வோல்ட்டு பக்கம்தான் கேக்கும். இது ஒரு தோராயம்தான், எழுதியிருக்கறது கெடைச்சா அதுதான் கணக்கு.

வோல்ட் அப்படியே ஒத்துப்போகணும். இதுல அட்ஜஸ்ட்மென்ட் கெடையாது. 12 கேட்டா 12, 9 கேட்டா 9. லேப்டாப்ல 19 போட்டிருக்கு கடைல 19.5 தான் இருக்குன்னா அது பரவால்ல, அந்த அளவு வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது. ஆனா 9க்கு 12 மாட்டுறது, 12க்கு 19 மாட்டுறது, இதெல்லாம் பொருளக் கொல்ற வேலை. சிலது உடனே போகும், சிலது உள்ள சூடாகி சூடாகி ஒரு மாசம் கழிச்சு போகும், அப்ப எதனாலன்னே தெரியாது. கம்மியா குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னும் நினைக்காதீங்க, 12 வோல்ட் ரூட்டருக்கு 9 வோல்ட் குடுத்தா லைட் எரியும், ஆனா அணைஞ்சு அணைஞ்சு எரியும், மோட்டார் இருக்கற பொருள்னா இழுக்க முடியாம சூடாகும்.

ஆம்ப் வேற கணக்கு. ஆம்ப்ங்கறது அந்த அடாப்டரால அதிகபட்சம் எவ்வளவு குடுக்க முடியும்ங்கறது, அது தானா தள்ளி விடாது, மெஷின் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் போகும். மெஸ்ல அம்பது பேருக்கு சோறு வடிச்சு வெச்சிருந்தாலும் நீங்க ஒருத்தர் போனா ஒரு சாப்பாடுதான சாப்பிடுவீங்க. அதனால 1 ஆம்ப் கேக்குற ரூட்டருக்கு 2 ஆம்ப் அடாப்டர் தாராளமா மாட்டலாம், இத பாத்து நெறய பேரு பயப்படறாங்க, ஆம்ப் அதிகமானா எரிஞ்சிடும்னு, எரியாது. மாத்தி போட்டாத்தான் வம்பு, 2 ஆம்ப் கேக்குற டிவிஆர் பெட்டிக்கு (கேமரா படத்த பதிவு பண்ற பெட்டி) அர ஆம்ப் அடாப்டர் போட்டா பத்து பேருக்கு வடிச்ச சோத்துக்கு அம்பது பேரு உக்காந்த கததான், அடாப்டர் கொதிக்கும், வோல்ட் கீழ எறங்கும், சில நேரம் டப்பாவே உருகும். சமமா இல்லன்னா கொஞ்சம் கூட, இது போதும். கடைல வாட் கணக்குல பேசினா வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கிக்கங்க, 12 வோல்ட் 2 ஆம்ப்னா 24 வாட். ஆனா வாட் ஒண்ணா இருக்குன்னு மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, 24 வோல்ட் 1 ஆம்பும் அதே 24 வாட்தான், ரெண்டும் ஒண்ணு இல்ல.

அடுத்து டிசியா ஏசியா, அதாவது ஒரே திசைல போற கரன்ட்டா, திசை மாறி மாறி போற கரன்ட்டா. அவுட்புட் வரில வோல்ட்டுக்கு பக்கத்துல ஒரு நேர் கோடு, அதுக்கு கீழ மூணு சின்ன கோடு இருந்தா டிசி. அலை மாதிரி நெளிஞ்ச கோடு இருந்தா ஏசி. பெரும்பாலும் டிசிதான் இருக்கும், அதனாலயே யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா சில பழைய ஆடியோ மிக்ஸர்களுக்கு 12 வோல்ட், 18 வோல்ட் ஏசியே அடாப்டர்ல இருந்து வரும், கோயில்ல சவுண்ட் செட் வெச்சிருக்கறவங்களுக்கு இது தெரியும். அந்த அடாப்டர எடுத்து ரூட்டர்ல சொருகினா ரூட்டர் காலி, வோல்ட் சரியா இருந்தாலும் காலி.

இப்ப பிளஸ் மைனஸ் விஷயம், இதுலதான் ரொம்ப பேரு ஏமாறாங்க. உருண்டை பின்னுல உள் ஓட்டைக்கு ஒரு ஒயர், வெளி வளையத்துக்கு ஒரு ஒயர் போகும். ரூட்டர், கேமரா, செட்டாப் பாக்ஸ் எல்லாத்துலயும் வழக்கமா உள்ள பிளஸ், வெளிய மைனஸ். ஆனா கிட்டார்காரங்க கால்ல மிதிக்கற 9 வோல்ட் பெடல் எல்லாம் பெரும்பாலும் தலைகீழ், உள்ள மைனஸ். கேசியோவோட பழைய 9 வோல்ட் கீபோர்டுலயும் உள்ள மைனஸ்தான், அதே கம்பெனியோட பின்னாடி வந்த 9.5 வோல்ட் மாடல்ல உள்ள பிளஸ், ஒரே கம்பெனிக்குள்ளயே இப்படின்னா மத்தத நீங்களே யோசிச்சுக்கங்க. அடாப்டர்லயும் மெஷின்லயும் இதுக்கு ஒரு படம் போட்டிருப்பாங்க, நடுவுல ஒரு புள்ளி, அத சுத்தி அரை வட்டம், ரெண்டுல இருந்தும் ஒரு ஒரு கோடு வெளிய போகும், புள்ளில இருந்து போற கோட்டு முனைல பிளஸ் இருந்தா உள்ள பிளஸ். ரெண்டு படமும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். மாறியிருந்தா சொருகவே சொருகாதீங்க. சில பொருள்ல உள்ள டயோடுன்னு கரன்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடற பாகம் இருந்து காப்பாத்தும், ஆனா உங்க பொருள்ல அது இருக்கான்னு வெளிய இருந்து தெரியாது.

பின் சைஸ கடைசியா சொல்றேன், ஏன்னா எல்லாரும் மொதல்ல பாக்கறது அதத்தான். கடைல மொத்த பின் (தடிச்ச பின்), சின்ன பின், நோக்கியா பின்னுன்னு கேப்பாங்க. மொத்த பின்னுலயே ரெண்டு ஜாதி இருக்கு, வெளிய ரெண்டுமே 5.5 மில்லிமீட்டர், உள் ஓட்டை மட்டும் ஒண்ணுல 2.1, இன்னொண்ணுல 2.5. பாத்தா வித்தியாசமே தெரியாது. 2.1 ஓட்டை பின்ன 2.5 கம்பி இருக்கற மெஷின்ல தள்ளினா போகவே போகாது, அது நல்லது. ஆனா 2.5 ஓட்டை பின் 2.1 கம்பி மேல போயிடும், லூசா ஆடும், மெஷின தட்டினா அணையும், நகத்தினா எரியும், அந்த இடத்துல பொறி பறந்து பறந்து ஓட்டை கருத்துப்போகும். சித்தப்பா பட்டறைல லூசா இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது இதுதான், மானிட்டர் அடாப்டரோட 2.5 பின் மெஷினோட 2.1 கம்பில போய் உக்காந்திருக்கு. அந்த லூசே பையனுக்கு இது இதோட பின் இல்லன்னு சொல்லியிருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல.

வீட்ல ஒரு மல்டிமீட்டர், அதான் வோல்ட் அளக்குற மீட்டர், வாங்கி வெச்சுக்கங்க. அத மெனக்கெட்டு கத்துக்க ஒண்ணும் இல்ல. அதுல இருக்கற திருகு குமிழ டிசி பக்கம் 20ல வைங்க, பக்கத்துல நேர் கோடு போட்ட பக்கம், அலைக்கோடு போட்ட பக்கம் இல்ல. அடாப்டர செவுத்துல மாட்டிட்டு சிவப்பு முனைய பின்னோட உள் ஓட்டைல விடுங்க, கருப்ப வெளி வளையத்துல தொடுங்க, ரெண்டு முனையும் ஒண்ண ஒண்ணு தொடாம பாத்துக்கங்க. 12.1, 12.2ன்னு காட்டினா வோல்ட் சரி, உள்ள பிளஸ். அதே நம்பர் முன்னாடி ஒரு மைனஸ் கோட்டோட வந்தா உள்ள மைனஸ். எழுத்து அழிஞ்ச அடாப்டருக்கு இத விட நம்பிக்கையான வழி இல்ல. கைல கல்லு மாதிரி கனமா இருக்கற பழைய அடாப்டர்ல 9 வோல்ட்னு போட்டிருக்கும், மீட்டர் 12, 13 காட்டும், அது கெட்டுப்போகல, உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கு, வோல்ட்ட நிலையா பிடிக்கற சர்க்யூட் இல்ல, லோடு இல்லாதப்ப, அதாவது பொருள் எதுவும் கரன்ட் இழுக்காதப்ப, வோல்ட் ஏறிதான் நிக்கும். அந்த மாதிரிய அதுக்குன்னே செஞ்ச பழைய ரேடியோவுக்கு விடுங்க, புது பொருளுக்கு மாட்டாதீங்க.

மீட்டர்ல 12 காட்டிட்டா அடாப்டர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, இத நான் ஏற்காட்டுல கத்துக்கிட்டேன். ஒரு எஸ்டேட் பங்களா, தினமும் சாயங்காலம் நெட் போய் போய் வருதுன்னு கூப்பிட்டாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மூணு தடவ போனேன், ஒயர் மாத்தினேன், ரூட்டர் ரீசெட் பண்ணினேன், அடாப்டர மீட்டர்ல வெச்சேன், 12.2, சூப்பர்னு விட்டுட்டேன். நான் போற நேரமெல்லாம் பகல், அப்ப ஓடும். நாலாவது தடவ சாயங்காலமே போய் உக்காந்துட்டேன். கேமராவுக்கு போடற பச்சை கலர் ஸ்க்ரூ கனெக்டர் இருக்கும்ல, ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, அத ரெண்டு துண்டு ஒயரால சேத்து அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவுல மாட்டினேன், ரூட்டர் ஓடிட்டே இருக்கறப்ப ஸ்க்ரூ மேல மீட்டர் முனைய வெச்சேன். 10.8. வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து போன் வைஃபைல சேர சேர 10.1, 9.4ன்னு எறங்கி ரூட்டர் எல்லா லைட்டும் ஒரே நேரத்துல அணைஞ்சு திரும்ப எரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. அடாப்டர் உள்ள கரன்ட்ட தேக்கி வெக்கற கெப்பாசிட்டர்ங்கற பாகம் வருஷக்கணக்கா சூட்டுல காஞ்சு போயிடும், வெறுமனே வோல்ட் காட்டும், லோடு குடுத்தா தாங்காது. வண்டில இருந்த 12 வோல்ட் ஒன்றரை ஆம்ப் அடாப்டர மாட்டினேன், அன்னிலிருந்து அந்த வீட்ல இருந்து கூப்பிடவே இல்ல. அதனால ரூட்டரோ செட்டாப் பாக்ஸோ தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சுன்னா பொருள மாத்தறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்ல அதே கணக்கு அடாப்டர் வாங்கி ஒரு நாள் போட்டுப் பாருங்க, நெறய பணம் மிச்சம்.

கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். பகல்ல படம் தெரியுது, இருட்டினா கேமரா போயிடுதுன்னா அங்கயும் இதே கததான். ராத்திரி உள்ள இருக்கற இன்ப்ராரெட் லைட் எரியும், கரன்ட் அதிகமா இழுக்கும். அடாப்டர் வீட்டுக்குள்ள, கேமரா தோட்டத்து கேட்ல, நடுவுல 40 மீட்டர் ஒயர்னா கரன்ட் போக வர 80 மீட்டர் ஓடுது. அர சதுர மில்லிமீட்டர் (கடைல அர ஸ்கொயர்னு சொல்லுவாங்க) செம்பு ஒயர்ல அர ஆம்ப் போனாலே அந்த தூரத்துல ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் ஒயர்லயே தின்னுடும், அலுமினியம் கலந்த மெல்லிசு ஒயர்னா இன்னும் மோசம். இதுக்கு பெரிய அடாப்டர் போட்டு பிரயோஜனம் இல்ல, 5 ஆம்ப் போட்டாலும் ஒயர்ல போறது போகத்தான் செய்யும். இன்னும் தடிச்ச ஒயரா போடணும், இல்ல அடாப்டர கேமரா பக்கத்துல ஒரு தண்ணி புகாத டப்பாக்குள்ள கொண்டு போகணும்.

அடாப்டர் மாதிரியே இருக்கும் ஆனா அடாப்டர் இல்லாத ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு எல்இடி டிரைவர். வீட்ல சீலிங்ல பதிச்ச பேனல் லைட்டு போயிடுச்சுன்னா அதோட சின்ன வெள்ளை டப்பாவ பாருங்க, 300 மில்லி ஆம்ப்னு ஒரு நம்பரும் வோல்ட்டுக்கு 24-42ன்னு ரெண்டு நம்பரும் போட்டிருக்கும். இது ஆம்ப நிலையா வெச்சு வோல்ட்ட மாத்திக்கற ஜாதி, நாம இதுவரைக்கும் பேசினதுக்கு நேர் எதிர். இதுல ஆம்ப் கூட இருக்கலாம்ங்கற கணக்கு செல்லாது, ஆம்ப் அப்படியே இருக்கணும், லைட்டோட வோல்ட் அந்த ரெண்டு நம்பருக்குள்ள வரணும். ஆனா ஒட்டற எல்இடி ஸ்ட்ரிப்புக்கு சாதா 12 வோல்ட் அடாப்டர்தான்.

இன்னொண்ணு நெஜமான சார்ஜர். எஸ்டேட்ல காப்பிக்கும் மிளகுக்கும் மருந்தடிக்கற பேட்டரி ஸ்ப்ரேயர் இருக்குல்ல, அதுல 12 வோல்ட் பேட்டரின்னு போட்டிருக்கும், உடனே 12 வோல்ட் அடாப்டர் மாட்டலாம்னு தோணும். ஈய பேட்டரி முழுசா ஏற அதுக்கு 14 வோல்ட்டு பக்கம் வேணும், 12ல விட்டா பாதி கூட ஏறாது, அப்படியே பட்டினி கெடந்து பேட்டரி செத்துடும். லித்தியம் பேட்டரி போட்டதுன்னா அதுக்குன்னு உள்ள சார்ஜர தவிர வேற எதையும் மாட்டாதீங்க, மூணு செல் லித்தியம் 12.6 வோல்ட்ல கரெக்டா நிக்கணும், தாண்டினா தீ பிடிக்கிற பொருள் அது. இதுல நான் யாருக்கும் மாத்து வழி சொல்றதே இல்ல.

கடைக்கு போறப்ப பழைய அடாப்டரையும், முடிஞ்சா மெஷினையும் கையோட எடுத்துட்டு போங்க. ரூட்டர் சார்ஜர் ஒண்ணு குடுங்கன்னு கேட்டா அவங்க கைக்கு வர்றது எதையாவது குடுப்பாங்க. 12 வோல்ட், ஒன்றரை ஆம்ப், டிசி, மொத்த பின் 2.1, உள்ள பிளஸ்னு கேளுங்க, அண்ணே கொஞ்சம் மீட்டர்ல வெச்சு காட்டுங்கன்னு கேளுங்க, நல்ல கடைக்காரர் கோச்சுக்க மாட்டாரு. பிஐஎஸ்ங்கற அரசாங்க தர முத்திரை, ஐஎஸ் 13252ன்னு நம்பர், ஆர் எழுத்தோட எட்டு இலக்க எண் இருக்கான்னு பாருங்க. கைல தூக்கிப் பாருங்க, 2 ஆம்ப்னு எழுதியிருக்கும், தீப்பெட்டி மாதிரி காத்தாட்டம் இருக்கும், நான் அத நம்ப மாட்டேன், உள்ள ஒண்ணும் இல்ல. 3, 4.5, 6, 9, 12ன்னு திருகி மாத்தற யுனிவர்சல் அடாப்டர் அவசரத்துக்கு ஆகும், ஆனா திருகி கை பட்டு நகந்திடும், முனைய திருப்பி மாட்டினா பிளஸ் மைனஸே மாறிடும், அதனால ஒரு தடவ மீட்டர்ல சரி பாத்துட்டு திருகி மேல டேப் ஒட்டிடுங்க.

புதுச மாட்டினதும் மொத பத்து நிமிஷம் பக்கத்துலயே இருங்க. தொட்டா வெதுவெதுன்னு இருக்கலாம். கைய வெக்க முடியாத சூடு, கீச்சுன்னு சத்தம், பிளாஸ்டிக் வாடை, இதுல எது வந்தாலும் உடனே சுவிட்ச் ஆஃப். கெட்ட அடாப்டர உடைச்சு பாக்கணும்னு தோணும், வேண்டாம், செவுத்துல இருந்து கழட்டின பின்னாடியும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் நிக்கும், அடிச்சா கை தூக்கி எறிஞ்சிடும். அப்புறம் ஏற்காட்டுலயும் கன்னங்குறிச்சி, அடிவாரம் பக்கத்துலயும் இருக்கறவங்க கோடை மழைக்கு இடி சத்தம் கேட்டதுமே அடாப்டர செவுத்துல இருந்து கழட்டிடுங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் பண்ணினா போதாது. ஒரு இடி மழைக்கு அடுத்த நாள் காலைல எனக்கு வர்ற போன் பூரா செத்த அடாப்டர்தான்.

சித்தப்பாவுக்கு புது மெஷின் வந்ததும் நான் போய் பட்டறைல இருந்த எல்லா அடாப்டரையும் மேஜை மேல கொட்டினேன். ஒவ்வொண்ணா மீட்டர்ல வெச்சு, வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனால எது எதோடதுன்னு எழுதினோம், எடை மெஷின் 9 வோல்ட், கேமரா பெட்டி 12 வோல்ட், ரூட்டர் 12 வோல்ட். எழுதினது அந்த பையன்தான். எதோடதுன்னு தெரியாத நாலு மிஞ்சுச்சு, அந்த 19 வோல்ட் மானிட்டர் அடாப்டரும் அதுல ஒண்ணு, ஒரு மஞ்சப் பைல போட்டு முடிச்சு போட்டு வீட்டு பரண்ல வெச்சாச்சு, பட்டறைல யார் கைக்கும் எட்டாது.